வாய்விட்டுச் சொன்ன ஜெபம்

தோவாளைக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி இருந்த அந்தச் சபையில் பைபிளம்மா என்றால் நேசபாய்தான். போதகர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். லண்டன் மிஷன் என்று இருந்தது ஒருநாள் தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாமார் கப்பலேறினார்கள். நேசபாய் மட்டும் வெள்ளைச் சேலையும் கக்கத்தில் வேதபுத்தகமுமாக வீடு வீடாக நடந்துகொண்டே இருந்தாள்.

பிரசங்கம் பண்ணுவது அவள் வேலை இல்லை. அதற்குப் போதகர் இருந்தார், அவர் தொடங்கினால் மதியச் சோறு ஆறிவிடும். மனசு ஒடிந்தவர்கள் வீட்டில் போய் உட்காருவதுதான் நேசபாயின் வேலை. பிள்ளையைப் பறிகொடுத்தவள், புருஷனிடம் அடிபட்டவள், தூக்கம் வராமல் முற்றத்தில் நடக்கிறவன், காரணமே சொல்லத் தெரியாமல் அழுகிறவள் என்று ஊருக்கு ஊர் ஆள் இருக்கத்தானே செய்கிறார்கள். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் வைத்தியம் என்ன? மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள், அடங்காவிட்டால் பேய் என்று வேப்பிலையால் அடிப்பார்கள். வேதக்காரர் வீடுகளில் நேசபாயைக் கூப்பிட்டார்கள். அய்யாவழி வீடுகளில்கூட ஒன்றிரண்டு பேர் பின்வாசல் வழியாக ஆள் அனுப்பினார்கள்.

அவளுக்கு இந்த வித்தையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாகர்கோவிலில் கொஞ்சநாள் படிக்க வைத்தார்கள், உண்மைதான். ஆனால் அவளுடைய படிப்பு அதற்கு முன்பே முடிந்திருந்தது. புருஷன் முத்துநாயகம் மலையில் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், காய்ச்சலில் அங்கேயே செத்தான். புதைத்த பிறகுதான் செய்தி வந்தது. முகம் பார்க்காத சாவுக்கு எப்படி அழுவது என்று நேசபாய்க்குத் தெரியவில்லை. மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சோறு உள்ளே இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்தில் எல்லாரும் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது திடீரென்று எழுந்து நின்றாள். "எனக்கு நீர் துரோகம் பண்ணினீரு! உம்மை நம்பித்தானே அனுப்பினேன்!" என்று சபையே நடுங்க ஆண்டவரிடம் சண்டை போட்டாள். மூத்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஒருத்தர் காதைப் பொத்திக்கொண்டார். நேசபாயோ கத்தித் தீர்த்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்கு வந்து பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு மறுநாள் வரைக்கும் உறங்கினாள்.

அன்றைக்குப் பிழைத்துக்கொண்டாள். அதனால் அவளுக்கு வைத்தியம் என்றால் அந்த ஒன்றுதான்: வாய்விட்டுச் சொல்லு, ஆண்டவருக்கும் கேட்கட்டும், அக்கம்பக்கத்துக்கும் கேட்கட்டும். தனக்கு ஒத்துக்கொண்ட மருந்து ஊருக்கெல்லாம் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்காத வைத்தியர் யார்?

நேசபாயின் ஜெபம் பேர்போனது. கண்ணை மூடினால் அவளுக்குக் கூட்டம் கிடையாது. அவளும் அவரும் மட்டும்தான். பக்கத்தில் ஒரு பலகை போட்டு ஆண்டவரை உட்காரவைத்துக்கொண்டு பேசுகிற தோரணையில் பேசுவாள். கோலப்பன் வீட்டுப் பசு கன்று போடச் சிரமப்படுவது, இன்னார் மகளுக்கு வரன் திகையாதது, இன்னாருக்கு மூலக்கடுப்பு, எல்லாவற்றையும் பேர் சொல்லி ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். தெருச் சங்கதி தெரியவேண்டுமானால் நேசபாய் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் போதும் என்று ஆண்கள் கேலி பண்ணுவார்கள். பெண்களுக்கோ தங்கள் பேர் அதில் வராவிட்டால் கோபம். "ஒரு மாசமா எனக்கு முட்டுவலி. ஒருதரமாவது என்னைச் சேத்தியளா?" என்று அன்னக்கிளி சண்டைக்கே வந்திருக்கிறாள். நேசபாய் அடுத்த கூட்டத்தில் அவளுடைய முட்டுக்குத் தனியாக ஒரு பங்கு ஒதுக்கினாள். அதனால் யாருக்கும் எந்தக் கேடும் வந்ததில்லை, பூங்கனிக்கு வரும்வரை.

பூங்கனி ஆரல்வாய்மொழிப் பெண். பூந்தோட்டம் வைத்திருந்த செல்வதாஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். விடிவதற்குள் பறித்து, கட்டி, வடசேரிச் சந்தைக்குப் போகிற முதல் பஸ்ஸில் ஏற்றியாகவேண்டும் என்பதால் பூக்காரர் வீட்டில் காலைப்பொழுது என்பது ஓட்டமும் திட்டும்தான். அந்த வீட்டில் கட்டின பிச்சிப்பூ எந்தச் சாமி கழுத்துக்குப் போயிற்று என்று அவர்கள் கேட்டதும் இல்லை, கவலைப்பட்டதும் இல்லை. செல்வதாஸ், அவனுடைய அம்மை முத்துக்கனி, பூங்கனி, நாலு வயசுப் பிள்ளை ஜஸ்டஸ். ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம், வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடிய ஒரு காலையில் ஜஸ்டஸ் காணாமற்போனான். படித்துறைக்குக் கீழே, மடைப் பலகையில் தட்டிக் கிடந்தான்.

அவனை அடக்கம் பண்ணிய பிறகு பூங்கனி பேச்சை விட்டாள். கொல்லையில் அடுக்களைச் சுவரைப் பார்த்து உட்காருவாள். எண்ணெய் இல்லை, குளிப்பு இல்லை. பூவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முன்பக்கத்தில் முத்துக்கனி ஒற்றையாளாகப் பூக் கட்டினாள். செல்வதாஸ் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நடமாடினான். வயிற்றில் ஒன்று தங்கினால் எல்லாம் சரியாகும் என்றார்கள். அதற்கு அவள் மனுஷியாக வேண்டுமே! கடைசியில் செல்வதாஸ்தான் வந்து கூப்பிட்டான்.

"அம்மா, அவ என்னை விட்டுப் போயிருவா. கெணத்தைப் பாத்துட்டு நிக்கா. ஒருக்கா வாருங்க."

நேசபாய் போனாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் இரண்டு மாதம் அவள் ஜெபமே பண்ணவில்லை. அவள் வீட்டில் உடைக்காத புளி கிடந்தது. ஒரு சுளகு நிறையப் புளியை எடுத்துக்கொண்டு போய்ப் பூங்கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுப்பாள். வேறொன்றும் பேசமாட்டாள். இன்னொருநாள் போய்ப் பேன் பார்ப்பாள். ஒருநாள் பூங்கனியின் கை தானாக நீண்டு ஒரு புளியை எடுத்து உடைத்தது. நேசபாய் அதைக் கண்டுகொள்ளாதவள்போல் இருந்தாள். இப்படிப் பொறுமையாக ஒரு ஆளின் பக்கத்தில் இருக்க அந்த ஊரில் வேறு யாராலும் முடியாது. பின்னால் நடந்ததற்காக அவளை ஏசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தைப் பனி இறங்கின ஒரு காலையில் பூங்கனி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, பெத்தவ வாயில வந்தது பலிக்கும்னு சொல்லுதாவளே. உள்ளதா?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

நேசபாய் சுளகைக் கீழே வைத்தாள். பூங்கனி மெதுவாகச் சொன்னாள். "பஸ்ஸு வாற நேரம். கெட்டின பூவெல்லாம் வாரி வாரி எறிஞ்சான். முதுகுல ஒண்ணு வச்சேன். 'எங்கயாம் போய்ச் செத்துத் தொலைலே'ன்னேன். அழுதுட்டே எறங்கிப் போனான். நான் திரும்பிக்கூடப் பாக்கல்ல. எல்லார்கிட்டயும் அடுக்களையில நின்னேன்னு பொய் சொன்னேன். அவன் போனது எனக்குத் தெரியும் அம்மா. நான்தான் போகச் சொன்னேன்."

அந்த ஜில்லாவில் அந்த வார்த்தையைச் சொல்லாத தாய் உண்டா? விடிந்து அடைவதற்குள் பத்துத் தரம் சொல்லுவார்கள். சொல்லிவிட்டு அதே வாயால் மாங்காயைக் கடித்து ஊட்டுவார்கள். நேசபாய் அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மக்கா, ஒண்ணு கேக்கேன், சொல்லு. 'சோறு தின்னுலே'ன்னா ஜஸ்டஸு தின்பானா?"

"மாட்டான்."

"'வெயில்ல எறங்காதலே'ன்னா?"

"எறங்குவான்."

"நீ சொன்ன ஒத்த வார்த்தையையாவது அந்தப் பய என்னைக்காவது கேட்டிருக்கானா?"

"இல்ல."

"பொறவு இதை மட்டும் எப்பிடிட்டி கேப்பான்? படி பாசி புடிச்சுக் கெடந்து. காலு வழுக்கிட்டு. நாக்கு ஆயிரம் சொல்லும். நீ பெத்தவ, உன் நெஞ்சு சொல்லிச்சா சாவுன்னு?"

பூங்கனி சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, ஏழு மாதமாக வராத அழுகை வந்தது. நேசபாய் அவளை மடியில் போட்டுக்கொண்டு அழவிட்டாள். அவள் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே சிறந்த வேலை அதுதான் என்று நான் சொல்லுவேன். அழுது ஓய்ந்த பிறகு பூங்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, யாருகிட்டயும் சொல்லப்பிடாது."

"ஆண்டவரைத் தவிர யாருட்ட மக்கா சொல்லப்போறேன்?"

அதைச் சொன்னபோது நேசபாய் சத்தியமாகத்தான் சொன்னாள். ஒன்றை மட்டும் அவள் கேட்கவில்லை. பூங்கனி அடுக்களையில் நின்றாள் என்று ஊர் நம்பியதே, அப்படியானால் பிள்ளை யார் பொறுப்பில் இருந்தான் என்று நம்பியது? முன்பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தவளை அவள் நினைக்கவே இல்லை.

பூங்கனி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பி வந்தாள். செல்வதாஸ் சந்தையிலிருந்து ஒரு சீப்பு வாங்கி வந்தான், அதை வாங்கிக்கொண்டாள். பெரிய வெள்ளிக்குப் பிறகு ஒருநாள் முன்பக்கம் வந்து மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாரை எடுத்துப் பூக் கட்டத் தொடங்கினாள். செல்வதாஸ் அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய் ஒளிந்து அழுதானாம். அவனே நேசபாயிடம் வந்து சொன்னான். நேசபாய்க்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷம்தான் கெடுத்தது. முத்துக்கனி புதன்கிழமை பெண்கள் ஜெபத்தைத் தன் வீட்டில் வைக்கச் சொன்னாள். மருமகள் தேறினதற்கு ஸ்தோத்திர ஜெபம். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சுக்குக் காப்பி போட்டு, ஓலைப்பாய் விரித்தார்கள். தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பூங்கனி நிலைப்படிக்குப் பக்கத்தில், தலைக்கு முக்காடிட்டு, முகத்தில் ஒரு தெளிவோடு உட்கார்ந்திருந்தாள். பாட்டுப் பாடி முடித்தார்கள். நேசபாய் கண்ணை மூடினாள்.

"அன்பின் ஆண்டவரே, இந்த வீட்டை நீர் கண்ணோக்கிப் பார்த்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். செத்தவளைப்போல் இருந்த உம்முடைய மகளை எழுப்பினீரே, உமக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்," என்றார்கள் பெண்கள்.

நேசபாய்க்குக் கூட்டம் மறைந்துவிட்டது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? "நீர் எல்லாம் அறிந்தவர் அப்பா. கோபத்திலே தன் பிள்ளையை அடித்தாள். செத்துத் தொலை என்று தன் வாயினாலே சொல்லி அனுப்பினாள். அடுக்களையிலே இருந்தேன் என்று பொய் சொன்னாள். அந்தப் பாரத்தை ஒண்டியாய்ச் சுமந்தாளே ஆண்டவரே! நீர் அதை அவள் தோளிலிருந்து இறக்கினீரே! ஏழைப் பூங்கனியின் பாவத்தைக் கடலின் ஆழத்திலே போட்டீரே, உமக்கு ஸ்தோத்திரம்."

இந்தத் தடவை யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. நேசபாய் அதைக் கவனிக்கவும் இல்லை. இன்னும் கொஞ்சநேரம் நன்றி சொல்லி, பிள்ளைப்பாக்கியம் வேண்டி, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தாள். மற்ற எல்லாக் கண்களும் முன்பே திறந்திருந்தன. எல்லாம் நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தன. பூங்கனி மட்டும் இன்னும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். ஜெபம் முடிந்தது தெரியாதவளைப்போல, கைகளைக் கூப்பியபடி, திறக்கவே இல்லை.

நேசபாய்க்கு அப்போதுதான் உறைத்தது. ஒருத்தியும் கிழங்கைத் தொடவில்லை. அன்னக்கிளி "அடுப்புல பால் வச்சேன்" என்று முதலில் எழுந்தாள். மற்றவர்களும் எழுந்து போனார்கள்.

மறுநாள் முத்துக்கனியே நேசபாயின் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நேசபாய் எதிர்பார்த்தாள். அவள் சத்தத்தை உயர்த்தவே இல்லை.

"அன்னைக்கு நான் பூக் கெட்டிட்டே தூங்கி விழுந்தேன் அம்மா. அவ அடுக்களையில நின்னேன்னு சொன்னதும், நான் ஒறங்கினதாலதான் எம் பேரன் போனான்னு நெனச்சேன். என் மவனும் அப்பிடித்தான் நெனச்சான். என் மொகத்தைப் பாத்து அவன் பேசி ஒரு வருசம் ஆவுது. அவ பாத்துட்டுதான் இருந்தா. ஒரு வார்த்த சொல்லல்ல."

"முத்துக்கனி, அது பயந்துபோய்..."

"நீங்க எத்தன மாசமா எங்க வீட்டுக்கு வந்திய? நேரா கொல்லைக்குப் போவிய. முன்னால இருக்கவகிட்ட, நீ எப்பிடி இருக்கான்னு ஒருக்கா கேட்டியளா?"

ஆறுதல் சொல்லுவதே பிழைப்பாக இருந்தவள், ஒரே கூரைக்குக் கீழே செத்துக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருத்தியைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. முத்துக்கனி அழுதுவிட்டுப் போனாள். மருமகளிடம் அவள் பிறகும் கடுஞ்சொல் பேசவில்லை. பேச்சே இல்லாமற்போயிற்று.

செல்வதாஸ் பெண்டாட்டியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அவனுட்ட நீ அப்பிடியா சொன்னா?"

"ஆமா."

அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு பூந்தோட்டக் குடிலுக்குப் போனான். காவல் காக்கிறானாம். அதற்குமுன் அந்தத் தோட்டத்தில் யார் பூவைத் திருடினார்கள்?

ஊர் பூங்கனியை ஏசியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். ஊர் அவளை மன்னித்தது. அதுதான் பொறுக்கமுடியாததாக இருந்தது. ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி கருப்பட்டி கொண்டுவந்தாள், ஒருத்தி முட்டை கொண்டுவந்தாள். "கவலப்படாதட்டி, கொலகாரனையே மன்னிச்சவரு அவரு. உன்னை மன்னிக்கமாட்டாரா?" என்று அன்னக்கிளி கையைத் தடவிக்கொடுத்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். புதன்கிழமைதோறும் ஏதாவது ஒரு வீட்டில் கூடி, பூங்கனிக்காகப் பேர் சொல்லி, காரணமும் சொல்லி, சத்தமாக ஜெபித்தார்கள். நேசபாய் நிறுத்தச் சொன்னாள். "நீங்க பண்ணலாம், நாங்க பண்ணப்பிடாதா?" என்று கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தத் தெருவில் புழங்கிவந்த வசவு ஒன்று அதோடு நின்றுபோயிற்று. எந்தத் தாயாவது கோபத்தில் 'செத்து' என்று வாயெடுத்தால், பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து பொத்துவாள். "சொல்லாத பிள்ளே, பூங்கனிக்கு என்ன ஆச்சுன்னு தெரியாதா?" ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நேசபாய் தேடினாள், கிடைக்கத்தான் இல்லை.

சத்தியநேசன் போதகரிடம் போய் அழுதாள். அவர் நல்ல மனுஷர். அவளை உட்காரச்சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க ஜெபத்திலதானே அம்மா சொன்னிய? புறணி பேசலியே. அந்தப் பிள்ளை மறைச்ச பாவம் வெளிய வந்துட்டு. வெளிய வந்தாத்தான் சொகம் உண்டு. நீங்கதானே எப்பமும் சொல்லுவிய?"

"ஐயா, அவ என்னை நம்பிச் சொன்னா."

"அவ சொன்னதை நீங்க ஆண்டவர்கிட்டதான் சொன்னிய. மனசைப் போட்டுக் கொழப்பாதிங்க."

அவள் சொல்லிக்கொண்டிருந்ததையெல்லாம் அவளுக்கே திருப்பிக் கொடுத்தார். அவளால் என்ன மறுக்கமுடியும்? அடுத்த ஞாயிறு அவர் நாவின் அடக்கத்தைப்பற்றிப் பிரசங்கித்தார். யார் பேரையும் எடுக்கவில்லை. கோபத்தில் ஒரு தாய் சொல்லும் வார்த்தை என்று அவர் சொன்னபோது, பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பின. போதகர் ஆசீர்வாதம் கூறி முடிக்கும்வரை பூங்கனி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவள் ஆலயத்துக்கு வந்த கடைசி நாள். மறுபடியும் கொல்லைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நேசபாய் சுளகும் புளியுமாகப் போனாள். பூங்கனி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று "மக்கா, மக்கா" என்று நேசபாய் கூப்பிட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டதாம்.

ஆவணியில் பூங்கனியின் அண்ணன் குமாரதாஸ் ஆரல்வாய்மொழியிலிருந்து வந்து, கொஞ்சநாள் இருக்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போனான். செல்வதாஸ் பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை. கொஞ்சநாள் என்பது மாசக்கணக்காய் நீண்டது. நேசபாய் பூந்தோட்டத்துக்கே போய் அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "கூட்டிட்டு வா மக்கா. அவ ஒண்ணும் செய்யல்ல."

"எனக்கும் தெரியும் அம்மா. ஆனா அவளைப் பாத்தா அந்தப் பய அழுதுட்டு எறங்கிப் போறதுதான் தெரியுது. நீங்க சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

நேசபாய்க்கு ஜெபம் நின்றுபோனது அப்போதுதான். கூட்டத்தில் கண்ணை மூடுவாள். "அன்பின் ஆண்டவரே" என்பாள். அடுத்த சொல் வராது. எந்தப் பேரை எடுத்தாலும் அந்தப் பேருக்குச் சொந்தக்காரி அங்கே உட்கார்ந்திருப்பது தெரியும். முன்பு மறைந்துபோகிற கூட்டம் இப்போது மறையவில்லை, அவர்தான் மறைந்துவிட்டார். பைபிளம்மாவுக்கு வயசாகிவிட்டது என்றார்கள். நாகர்கோவிலிலிருந்து ஞானசெல்வி என்று ஒரு சின்னப் பெண்ணை அந்த வேலைக்கு அனுப்பினார்கள். நல்ல குரல், நன்றாக ஜெபிக்கிறாள் என்று ஊரில் பாராட்டினார்கள். நேசபாய் கோழி வளர்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தாள். தெருவில் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போயிற்று, மேற்கே துப்பாக்கிச் சூடு என்றார்கள். எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம், எப்படியோ மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குப் பஸ் ஏறினாள். இன்னும் மூன்று நாலு மாதத்தில் நம்ம தாலுகாவெல்லாம் சென்னையோடு சேரப்போகிறது என்று பஸ்ஸில் ஆண்கள் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். இறங்கியதும் கணவாய்க் காற்று சேலையைப் பிடுங்கியது. குமாரதாஸின் பெண்சாதி சண்முகவடிவு வாசலில் நின்று வழி மறித்தாள். நேசபாய் யாரென்று தெரிந்ததும் முகம் இறுகிற்று. பிறகு என்ன நினைத்தாளோ, விலகி நின்றாள்.

"எல்லா வேலையும் செய்வா. ஆடு மேப்பா, மாவு இடிப்பா. பேச்சுதான் கெடையாது. எம் பிள்ளையளைத் தூக்கமாட்டா. அதுவ பக்கத்துல வந்தாலே வாயைப் பொத்திட்டு எந்திச்சுப் போயிருவா. பாருங்க, பாத்துட்டு வேகம் போங்க."

பூங்கனி ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் ஆடு தின்கிற இலைக்குழையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். முன்நெற்றியில் நரை. முப்பது வயசுகூட ஆகவில்லை. நேசபாய் வந்து எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள். பூங்கனி இந்தத் தடவை எழுந்து போகவில்லை, கோபமும் காட்டவில்லை. கையில் இருந்த வேலையை நிறுத்தாமல் செய்தாள்.

"மக்கா, நான் செய்தது கொடுமை. உன்னைக் கொன்னுட்டேன். எனக்கு வேற வாய் இல்ல, அந்த வாய்தான் இருந்து. அது நாசமாப் போட்டும். நீ என்னை மன்னிக்காண்டாம். ஒருக்கா ஏசு. அடிச்சாலும் சரி."

பூங்கனி ஏசவில்லை. ஆட்டுக்குட்டி ஒன்று வந்து குழையை இழுத்தது, அதைத் தள்ளிவிட்டாள். காற்று கொட்டில் ஓலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நேசபாய் அழுதாள். அழுது முடித்த பிறகும் அவளுக்கு எழுந்துபோக மனசில்லை. வந்ததற்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போகவேண்டும், அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

"மக்கா, ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டா? உன் காதுக்குள்ள மட்டும். ஒருத்தருக்கும் கேக்காது."

பூங்கனி கட்டிய குழையை ஓரமாக வைத்தாள். நேசபாய் நெருங்கி உட்கார்ந்து, மூன்று வருஷத்துக்குப் பிறகு கண்ணை மூடினாள். "அன்பின் ஆண்டவரே, உம்முடைய மகள்..." என்று முணுமுணுத்தாள்.

குழை வாசம் அடிக்கிற கை ஒன்று அவள் வாயை மூடிற்று. அழுத்தமாக, ஆனால் நோகாமல் மூடிற்று. நேசபாய் கண்ணைத் திறந்தாள். பூங்கனியின் முகம் பக்கத்தில் இருந்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரலில் சொன்னாள்.

"வேண்டாம் அம்மா. என் பேரை அவருகிட்ட எடுக்காதிய. ஊரு மறக்காது. வீட்டுல உள்ளவியளும் மறக்கமாட்டாவ. நான் எப்பிடி மறப்பேன்? அவராவது என்னை மறந்துட்டுப் போட்டும்."

அவர் மறக்கமாட்டார் என்று நேசபாய் சொல்லுவதா? அதைத்தானே இத்தனை காலமும் ஆறுதலாகச் சொல்லி வந்தாள். பூங்கனி கையை எடுத்துக்கொண்டு குழை கட்டப் போய்விட்டாள்.

"சரி மக்கா. எடுக்கல்ல," என்றாள் நேசபாய்.

அதற்குப் பிறகு அவள் பதினோரு வருஷம் உயிரோடிருந்தாள். கடைசிக் காலத்தில் ஞானசெல்வி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்காக ஜெபம் பண்ணட்டும் அம்மா, ஒரு பேர் சொல்லுங்க என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். நேசபாய் உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள். பூங்கனிக்குக் கொடுத்த இரண்டு வாக்கில் ஒன்றையாவது சாகும்வரை காப்பாற்றினாள்.